கம்பம் பள்ளத்தாக்கின் தும்பையும் அதன் சுற்றமும்

ஒரு பொருளின் பெயரை அறிந்த அளவிலேயே அப்பொருளை அறிந்துவிட்டோம் என்று எண்ணுவது மனித இயல்பு. மற்றப் பொருள்களில் இவ்வெண்ணத்தால் பெருந்தீங்கு நேர்வதில்லை. பச்சிலைகளின் திறத்திலோ அது நகைப்போடு நில்லாது நோய்வரையிலும், சில வேளைகளில் சாவு வரையிலும் சென்று முடிகின்றது. துளசிக் குடும்பத்தின் இலக்கணத்தை வகுப்பில் பிழையின்றி ஒப்பித்து மதிப்பெண் பெற்ற யாம், இவ்வுண்மையைக் கற்றது நூலினின்று அன்று. கம்பம் பள்ளத்தாக்கின் வரப்பொன்றில், எழுத்தறியாத ஒரு மூதாட்டியினிடத்தே கற்றோம். அன்று கற்றதையும், அதன்பின் நூல்களில் தேடி உணர்ந்ததையும் உடன்பயிலும் மாணவர்க்கு ஒரு பாடமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேனி மாவட்டம் 1996-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. அதன் தென்மேற்கில், ஒருபுறம் ஏலமலைகளும் மறுபுறம் மேகமலையும் வருசநாட்டு மலைகளும் அரணாக நிற்க, அவற்றினிடையே நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை நிறைவெய்தியது முதல், மலையைக் குடைந்த சுரங்க வழியே இறங்கி வரும் நீர், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களின் வயல்களை வளம்படுத்தி வருகின்றது. தாழ்ந்த நிலத்தில் நெல்லும் வாழையும் தென்னையும், சற்று மேட்டில் திராட்சைப் பந்தல்களும், மலையடிவாரத்தில் மழையையே நம்பிய மானாவாரிப் புன்செய்களும் அமைந்துள்ளன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழை ஓய்ந்தபின் இப்புன்செய் வரப்புகளிலும் அறுவடையான தரிசுகளிலும் சிறு செடிகள் எண்ணிறந்தன முளைத்துப் பூக்கும். அவற்றுள் தலையாயது தும்பை.

மார்கழி மாதத்தில் ஒரு நாள், தாவர நூல் பயிலும் மாணவர் எண்மர் அப்புன்செய்களுக்குச் சென்றோம். துளசிக் குடும்பத்தைச் சார்ந்த ஐந்து செடிகளைத் தேடி, உலர்த்தி, தாளில் ஒட்டிக் கொணரவேண்டும் என்பது எம் ஆசிரியர் இட்ட பணி. எம்மில் இருவர்க்குச் சளி பிடித்திருந்தமையால், கஷாயத்திற்கும் சிறிது தும்பை பறித்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் ஒரு செடியைக் காட்டி, "இது கவிழ்தும்பை" என்றான். தும்பை என்ற சொல் செவியில் விழுந்ததே போதுமாயிருந்தது. ஒரு கட்டு நிறையப் பறித்தோம். அருகே புல்லறுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எம் கையிலிருந்ததைக் கண்டு அரிவாளைக் கீழே வைத்தார்.

"எதுக்கு ராசா இம்புட்டுப் பிடுங்குனீக?"

"தும்பை, அப்பத்தா. சளிக்குக் கஷாயம் வைக்கப்போகிறோம்."

"ஆத்தாடி! இது கவிழ்தும்பைல்ல. பேருதேன் தும்பை. அதுவும் இதுவும் ஒண்ணாகுமா?"

அவர் எழுந்து சென்று உண்மையான தும்பைச் செடி ஒன்றைப் பறித்து வந்தார். அதன் தண்டினை எம் விரல்களுக்கிடையே வைத்து உருட்டச் சொன்னார். நான்கு மூலைகள் விரலில் தட்டுப்பட்டன. பின் ஒரு பூவைக் கிள்ளி அதன் அடியை உறிஞ்சச் சொன்னார். நுண்ணிய தேன்துளி நாவில் இனித்தது. எம் கட்டிலிருந்த செடியில் அவ்விரண்டும் இல்லை. எம் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டிய இலக்கணத்தையே அம்மூதாட்டி விரலாலும் நாவாலும் கற்பித்தார். விடைபெறும்போது மற்றொன்றும் சொன்னார்: "அந்தா தெரியுதே திராச்சைத் தோட்டம், அந்த வரப்புல மட்டும் பறிச்சிராதீக. மருந்தடிச்ச வரப்பு அது."

எது செடி, எந்த மண்ணில் வளர்ந்த செடி என்னும் இரண்டு வினாக்களை அவர் எமக்குத் தந்தார். எவ்வளவு உட்கொள்வது என்னும் மூன்றாம் வினாவை, ஐரோப்பாக் கண்டத்தில் தும்பையின் உறவாகிய ஜெர்மாண்டர் என்னும் செடியின் வரலாறு எமக்குத் தந்தது. இம்மூன்றினையும் முறையே ஆராய்வோம்.

குடும்ப இலக்கணம்

துளசி, தும்பை, கற்பூரவள்ளி, திருநீற்றுப்பச்சை, பேய்மிரட்டி, புதினா ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. முன்னாளில் இக்குடும்பத்தை லேபியேட்டே என்றனர். உதடுடையது என்பது அதன் பொருள். இந்நாளில் லேமியேசியே என்பர். இக்குடும்பத்தை அறிய நான்கு அடையாளங்கள் உள. தண்டு பெரும்பாலும் நாற்கோணமுடையது. இலைகள் கணுதோறும் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். ஒரு கணுவின் இணை கிழக்கு மேற்காயின், அடுத்ததன் இணை தெற்கு வடக்காக அமையும். பூவின் அல்லி மேலுதடு, கீழுதடு என இரண்டாகப் பிளந்திருக்கும். பூ உதிர்ந்தபின் புல்லியின் அடியில் நான்கு சிறு கொட்டைகள் காணப்படும்.

தும்பைப் பூவைக் கையிலெடுத்து நோக்குவோமாக. மேலுதடு சிறியது, வெண்மயிர் அடர்ந்து குல்லாய்போல் கவிந்தது. கீழுதடு அதனினும் பெரிது; வந்து அமரும் ஈக்கு இட்ட திண்ணைபோல் விரிந்தது. குல்லாயின் கீழ் நான்கு கேசரங்கள் மறைந்து நிற்கும். தேனை நாடித் தலையை உள்ளே நுழைக்கும் தேனீயின் மேல் மகரந்தம் படியும். அத்தேனீ அடுத்த பூவினுட் புகும்போது அங்குள்ள சூல்முடியில் அது ஒட்டிக்கொள்ளும். நாம் நாவால் உணர்ந்த தேன் இவ்வேலைக்குச் செடி தரும் கூலியே யாகும்.

இக்குடும்பத்தில் உதட்டமைப்பால் வேறுபட்டு நிற்பது ஜெர்மாண்டர். தாவர நூலார் அதன் இனத்தைத் தியூக்ரியம் என்று வழங்குவர். அதன் பூவிற்கு மேலுதடு இல்லாததுபோல் தோன்றும். ஐந்து இதழ்ப்பிரிவுகளும் கீழுதட்டிலேயே சேர்ந்து நிற்க, கேசரங்கள் மேலே மறைப்பின்றி வளைந்து நீண்டிருக்கும். தியூக்ரியம் இனத்தின் சில வகைகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் வளர்கின்றன. ஆதலின் அவ்வினம் நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

பெயரால் வரும் பிழை

தும்பை என்னும் பெயரைத் தாங்கிய செடிகள் நம் நாட்டில் பல. அவற்றுள் பெருந்தும்பை எனப்படும் பேய்மிரட்டி, தும்பையின் குடும்பத்தையே சார்ந்தது. அதன் தடித்த மெத்தென்ற பச்சிலையைத் திரியாக முறுக்கி எண்ணெயிலிட்டால் விளக்கெரியும் என்பதைச் சிற்றூர்ச் சிறுவரும் அறிவர். காசித்தும்பையோ வீட்டு முற்றங்களில் பல நிறங்களில் பூப்பது. சதைப்பற்றுள்ள உருண்டைத் தண்டுடையது. முற்றிய காயைத் தொட்டவுடன் வெடித்து விதை சிதறுவது. அது முற்றிலும் வேறு குடும்பத்துச் செடி. தும்பையோடு அதற்குள்ள உறவு பெயரளவே.

யாம் பறித்த கவிழ்தும்பையும் வேறு குடும்பத்தது. அதன் பூ வெளிறிய நீலநிறமுடையதாய், நிலம் நோக்கிக் கவிழ்ந்து தொங்கும். அதனாலேயே அப்பெயர் பெற்றது. அல்லி ஐந்து சம பிரிவுகளாக அமைந்திருக்கும். உதட்டுப் பிளவு இல்லை. செடி முழுவதும் சொரசொரப்பான மயிர் உண்டு. இதன் கனியும் நான்கு கொட்டைகளாகப் பிரியுமாதலின், கனியை மட்டும் நோக்குவோர் ஏமாறுவர். ஓர் அடையாளத்தைக் கொண்டு துணிதல் ஆகாது. எல்லா அடையாளங்களும் ஒருங்கு பொருந்த வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இப்பிழை வெறும் ஏட்டுப் பிழையன்று. கவிழ்தும்பையின் இனத்தைத் தாவர நூலார் திரைக்கோடெஸ்மா என்பர். அவ்வினத்துச் செடிகளில் பைரோலிசிடின் என்னும் வகையைச் சார்ந்த, கல்லீரலைக் கெடுக்கும் நச்சுப்பொருள்கள் காணப்படுகின்றன. மத்திய ஆசியாவின் உஸ்பெக்கிஸ்தான் நாட்டில் 1940-களில் அவ்வினத்துச் செடியொன்றின் விதைகள் உணவுத் தானியத்தோடு கலந்துவிட்டமையால் பலர் கொடிய நோயுற்றனர், மாண்டோரும் உளர். நம் கவிழ்தும்பையைத் தேர்ந்த வைத்தியர் தமக்குரிய முறையில் கையாளுதல் வேறு. சளிக்குத் தும்பை என்று எண்ணிக் கைநிறையப் பறித்துக் காய்ச்சிக் குடித்தல் வேறு. அம்மூதாட்டி தடுத்திராவிடின் யாம் செய்யவிருந்தது பின்னதே.

கற்பூரவள்ளி என்னும் பெயரும் இத்தகையதே. நகரத்தார் அப்பெயரைக் கேட்டால் இருமலுக்குதவும் மணமுள்ள தடித்த இலையை நினைப்பர். சின்னமனூர்ப் பக்கத்து உழவரிடம் கேட்டால் வாழைத்தாரை நினைப்பினும் நினைப்பர். அப்பெயரில் ஒரு வாழையும் உண்டன்றோ? அவ்விலைச் செடியையே ஓமவல்லி என்று வழங்குவாரும் உளர். ஒரு செடிக்குப் பல பெயர், பல செடிக்கு ஒரு பெயர் என்னும் இவ்விரு இடர்ப்பாடுகளையும் நீக்கவே, சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் செடி ஒவ்வொன்றிற்கும் இரட்டைப் பெயர் வழங்கும் முறையை நிலைநாட்டினார்.

அம்முறை தமிழ்நாட்டிற்கு வந்ததும் விரைவிலேயே. லின்னேயஸிடம் பயின்ற கோனிக் என்பவர் 1768-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து செடிகளைத் திரட்டினார். அவரைத் தொடர்ந்து 1776-ஆம் ஆண்டில் அங்கு வந்த ராட்லர் பாதிரியார், அறுபது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்து இரண்டு பெருந்தொகுப்புகளை விட்டுச்சென்றார். ஒன்று உலர்த்திய செடிகளின் தொகுப்பு. அது இங்கிலாந்தின் கியூ தோட்டத்தைச் சென்றடைந்தது. மற்றொன்று தமிழ்ச் சொற்களின் தொகுப்பாகிய அகராதி. அது சென்னையில் 1834 முதல் அச்சாயிற்று. ஒருவரே செடியையும் சொல்லையும் சேர்த்துத் திரட்டினார் என்பது சிந்திக்கத்தக்கது. சொல்லைச் செடியோடு பொருத்திக் காட்டும் உலர்ந்த மாதிரி இல்லாதவிடத்து, பெயர் காற்றில் அலையும் பட்டத்திற்கு ஒப்பாகும்.

ஜெர்மாண்டர் கற்பித்த பாடம்

செடியைச் சரியாக அறிந்துவிட்டோம். அது பன்னெடுங்காலமாக வழங்கி வருவதும் உண்மை. எனின், அதனை அச்சமின்றி உட்கொள்ளலாமா? இவ்வினாவிற்கு விடை கூறுவது ஜெர்மாண்டரின் வரலாறு.

ஐரோப்பாவின் ஜெர்மாண்டர் ஏறக்குறைய ஓர் அடி உயரம் வளரும் பசுமை மாறாச் சிறு புதர். அதன் பளபளப்பான இலைகளின் ஓரம் ஓக்கு மரத்தின் இலைபோல் அலையலையாக வெட்டுண்டிருக்கும். அதனால் கிரேக்கர் அதனைத் தரையில் வளரும் ஓக்கு என்னும் பொருளுடைய சொல்லால் வழங்கினர்; அச்சொல்லே சிதைந்து ஜெர்மாண்டர் ஆயிற்று. தியூக்ரியம் என்னும் இனப்பெயரோ, அதன் மருத்துவப் பயனை முதலில் கண்டவன் என்று பழையோர் கூறிய தியூசர் என்னும் டிராய் நகரத்து அரசனை நினைவூட்டுவது. கத்தரித்து ஒழுங்குபடுத்துதற்கு ஏற்றதாதலின், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் தம் பூந்தோட்டங்களில் கோலமிட்டாற்போல் பின்னிய சிறுவேலிகளை இதனால் அமைத்தனர். இளஞ்சிவப்புப் பூக்களை நாடித் தேனீக்கள் மொய்க்கும். கீல்வாதத்தால் வருந்திய ஐந்தாம் சார்லஸ் பேரரசர் இதன் கஷாயத்தை 60 நாள் அருந்திக் குணமடைந்தார் என்று ஐரோப்பிய மூலிகை நூல்கள் கூறும். இங்ஙனம் இரண்டாயிரம் ஆண்டு நற்பெயருடன் வாழ்ந்தது இச்செடி.

1980-களில் பிரான்சு நாட்டில் உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு, ஜெர்மாண்டர்ப் பொடியை உறையிலடைத்து மாத்திரைகளாக விற்கத் தொடங்கினர். பச்சிலைதானே, தீங்கொன்றும் இல்லை என்று பலரும் நாள்தோறும் உட்கொண்டனர். சில வாரங்களுக்குப் பின் அவர்களுட் சிலர்க்குக் கண்ணும் தோலும் மஞ்சளாயின. கல்லீரல் அழற்சி எனக் கண்ட மருத்துவர்கள் காரணம் புலப்படாமல் திகைத்தனர். மாத்திரையை நிறுத்தியபோது நோய் தணிந்தது. அறியாமல் மீண்டும் தொடங்கியோர்க்கு நோயும் மீண்டது. அதன்பின்னரே ஐயம் நீங்கிற்று. உயிரிழப்பும் நேர்ந்தது. 1992-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் ஜெர்மாண்டர் மருந்துகளைத் தடை செய்தது.

இதன் காரணத்தைப் பின்னர் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். ஜெர்மாண்டரில் தியூக்ரின் என்னும் கசப்புப் பொருள் உண்டு. அது இருந்தபடியே நஞ்சாவதில்லை. உடலிற் புகுந்த அயற்பொருளை மாற்றி வெளியேற்றுவது கல்லீரலின் தொழில். அத்தொழிலைச் செய்யுங்கால் கல்லீரலே தியூக்ரினை வேறொரு கடும்பொருளாக மாற்றிவிட, அது அவ்விடத்துள்ள உயிரணுக்களையே தாக்குகின்றது. காவற்காரன் கையிலுள்ள கோலே அவன் மேற் பாய்ந்ததற்கு ஒப்பாகும் இது.

அங்ஙனமாயின் இரண்டாயிரம் ஆண்டாக ஒருவரும் இதனை அறியாதது எவ்வாறு? பண்டையோர் உட்கொண்டது பெரும்பாலும் நீர்த்த கஷாயம். தூய பொடியை நாள்தோறும் விழுங்குவது அவர்தம் வழக்கம் அன்று. அன்றியும், உண்ட அன்றே வரும் வாந்தியை எவரும் செடியோடு தொடர்புபடுத்துவர். இரண்டு திங்கள் கழித்து வரும் காமாலையைத் தொடர்புபடுத்துவோர் அரியர். நெடுங்கால வழக்கம் ஒரு செடியின் உடனடித் தீங்கின்மைக்கு ஓரளவு சான்றாகலாம். மெல்ல வரும் தீங்கின்மைக்குச் சான்றாகாது. நாம் ஊன்றி உணரத்தக்க பாடம் இதுவே.

வடஅமெரிக்காவிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அங்கு ஸ்கல்கேப் என்னும் வேறொரு மூலிகையின் பெயரால் விற்ற சரக்குகளில் ஜெர்மாண்டர் கலந்திருந்தது காணப்பட்டது. பெயர்ப் பிழையும் அளவுப் பிழையும் ஒன்றுசேர்ந்து நின்ற இடம் அது. எம் கையிலிருந்த கவிழ்தும்பைக் கட்டினை நினைந்து யாம் நாணினோம்.

இதனால் இக்குடும்பத்துச் செடிகள் யாவும் தீயன என்று கொள்ளல் வேண்டா. தமிழ்நாட்டில் சேலத்துப் பக்கங்களில் பயிராகும் மருந்துக்கூர்க்கனும் இக்குடும்பத்ததே. அதன் கிழங்கு வேரினின்று 1970-களில் போர்ஸ்கோலின் என்னும் பொருளை இந்திய ஆராய்ச்சிக் கூடங்களில் பிரித்தெடுத்தனர். உயிரணுக்களின் தொழிலை ஆராய்வோர்க்கு உலகெங்கும் அது கருவியாகப் பயன்படுகின்றது. ஆற்றல் உண்மையாக உள்ள செடியே நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி, நம்மவர் இதனை அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

தும்பையின் பயனும் எல்லையும்

தும்பைக்குத் தமிழர் வாழ்வில் உள்ள இடம் பெரிது. இரு வேந்தரும் தம் வலிமையே பொருளாகக் களத்தில் எதிர்நின்று பொரும் போரினைத் தொல்காப்பியம் தும்பைத்திணை என்று பெயரிட்டு ஓதும். சிவபூசைக்கு இப்பூவை விரும்பிக் கொள்வர். நன்கு வெளுத்த வேட்டியைத் தும்பைப்பூப் போன்றது என்பது இன்றும் வழக்கு. இலையைக் கீரையாகச் சமைப்பாரும், சளிக்கும் தலைநோய்க்கும் இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பாரும், சொறிக்குச் சாற்றை மேலே பூசுவாரும் உளர். அளவோடு செய்யும் இச்சிறு வைத்தியங்கள் வீட்டு அறிவின் பகுதியாக நெடுநாள் நிலைத்துள்ளன. ஆயினும் காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடிப்பினும், மூச்சுத் திணறல் காணினும், கைக்குழந்தைக்கும் கருவுற்றவர்க்கும் நோய் வரினும், பச்சிலையை நம்பிக் காலம் போக்குதல் தகாது. அரசாங்க மருத்துவமனைகளில் சித்த மருத்துவரும் உளராதலின், கேட்டறிந்து செய்தல் எளிது.

ஒரு செய்தியை மட்டும் அழுத்தமாகக் கூறவேண்டியுள்ளது. பாம்பு கடித்தவர்க்குத் தும்பைச் சாற்றைப் புகட்டினால் நஞ்சு முறியும் என்னும் நம்பிக்கை நம் சிற்றூர்களில் பரவியுள்ளது. இதனால் பிழைத்தோரைக் கண்டதாகப் பலர் கூறுவர். அவர் பொய் கூறுவதாக யாம் எண்ணவில்லை. கடிக்கும் பாம்புகளிற் பல நஞ்சில்லாதவை. நச்சுப்பாம்பும் சில வேளைகளில் நஞ்சினைச் செலுத்தாமலே கடித்துச் செல்லும். அத்தகைய கடிக்கு எதைப் புகட்டினும், ஒன்றும் புகட்டாவிடினும், மனிதன் பிழைப்பான். புகழ் தும்பைக்குச் சேரும். நஞ்சு ஏறிய கடியில் சாற்றினை இடித்துப் பிழியும் நேரமே உயிரைக் கொண்டுபோகும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களிற் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒருங்கே உதவும் மாற்று மருந்து நம் நாட்டில் உண்டாக்கப்படுகின்றது. அதற்கு வேண்டிய நஞ்சினைத் திரட்டித் தருவதில், 1978-ஆம் ஆண்டில் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பெரும்பங்கு கொண்டுள்ளது. கடியுண்டவரை நடக்கவிடாமல், கடித்த உறுப்பை அசைக்காமல், கீறாமல், இறுகக் கட்டாமல், நேரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலே செய்யத்தக்கது. தும்பையின்பால் அன்புடையோர் அதன் மேல் இப்பழியைச் சுமத்தலாகாது.

மருந்தும் மருந்தும்

அம்மூதாட்டி இறுதியிற் கூறிய சொல்லை இனி நோக்குவோம். நோய் தீர்ப்பதும் மருந்து. பயிரின் மேல் தெளிக்கும் பூச்சிக்கொல்லியும் மருந்து. நம் உழவர் இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குகின்றனர். கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற புகழுடையது. அப்பயிர் பூஞ்சண நோய்க்கு எளிதில் இரையாவதால் அடிக்கடி மருந்து தெளித்தல் இன்றியமையாததாகின்றது. பிரான்சு நாட்டின் போர்டோ நகரப் பகுதியில் 1880-களில் திராட்சைக்கென்றே கண்டறிந்த, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை முதலாக, இந்நாளைய புதிய மருந்துகள் வரையிலும் பல உள. பந்தலின் மேல் தெளித்தது பந்தலோடு நில்லாது. காற்றோடு சென்று வரப்பிலுள்ள தும்பையின் மேலும் படியும். தும்பையின் இலையோ மயிருடையது. அத்தகைய இலையைப் பறித்துக் காய்ச்சினால், நோய் மருந்தோடு பயிர் மருந்தும் குடலிற் சேரும். கழுவினால் எல்லாம் நீங்கும் என்றும் உறுதி கூறல் இயலாது.

மற்றொரு கேடும் உண்டு. களைபறிக்கும் ஆட்கூலி உயர்ந்தமையால் களைக்கொல்லி தெளித்தல் பெருகிவருகின்றது. உழவரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. அவர்தம் இடர் அவர்க்கே தெரியும். ஆயினும் களைக்கொல்லி பட்ட வரப்பில் தும்பை நில்லாது. தும்பை இல்லையேல் அதன் தேனை நம்பிய தேனீக்களுக்கு ஒரு வேளை உணவு குறையும். அப்பத்தாவின் பேரர்க்கோ, தண்டை உருட்டிப் பார்க்கச் செடியே இராது. அறிவு அழிவது ஏடு எரிந்தால் மட்டும் அன்று. காட்டிக்கொடுக்கப் பொருளில்லாதபோதும் அழியும்.

தோட்டத்தில் வளர்க்கும் முறை

மேற்கூறிய இடர்கள் பலவற்றிற்கு எளிய மாற்று ஒன்றுண்டு. நமக்கு வேண்டிய பச்சிலையை நாமே நம் முற்றத்தில் வளர்த்தலே அது. எது செடி என்பதும், எந்த மண் என்பதும் அப்பொழுது நமக்கு ஐயமற விளங்கும்.

தும்பை ஒரு பருவமே வாழும் செடி. முற்றிய கொத்தினைத் தாளில் உதறினால் விதை கிடைக்கும். மழைத் தொடக்கத்தில் வெயில் நன்கு படும் இடத்தில், மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவி, மெல்ல நீர் தெளித்தல் போதும். எருவை மிகுதியாக இடுதல் வேண்டா. சில செடிகளைப் பறிக்காமல் விட்டால் அவற்றின் விதை உதிர்ந்து அடுத்த ஆண்டு தானே முளைக்கும். துளசியையும் திருநீற்றுப்பச்சையையும் விதையால் வளர்க்கலாம். நுனியை அடிக்கடி கிள்ளி வந்தால் பக்கக் கிளைகள் பெருகிச் செடி அடர்த்தியாகும். ஆங்கிலேயர் ஜெர்மாண்டரால் அமைத்த சிறுவேலிகளைப் போல் நடைபாதையின் இருபுறமும் இவற்றை வரிசையாக நட்டுக் கத்தரித்துவந்தால், அழகும் மணமும் ஒருங்கே கிடைக்கும். திருநீற்றுப்பச்சையின் விதையே சப்ஜா என்று கடைகளில் விற்பது. நீரில் ஊறினால் வழவழப்பாகப் பருத்துக் கோடைச் சர்பத்துக்கு உதவும்.

கற்பூரவள்ளிக்கு விதை வேண்டா. ஒரு சாண் நீளத் தண்டினை ஒடித்து, அடியிலைகளை நீக்கித் தொட்டியில் ஊன்றினால் சில நாட்களில் வேர்விடும். இலையும் தண்டும் நீர்ச்சத்துள்ளவையாதலின், நாள்தோறும் நீரூற்றினால் அழுகும். மண் உலர்ந்தபின் ஊற்றுதலே முறை. பேய்மிரட்டி ஆளளவு உயரும் புதராதலின் தோட்டத்தின் பின்வேலி ஓரத்தில் நடத்தக்கது. ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் தமிழ்ப் பெயரையும், தாவர நூற்பெயரையும், நட்ட நாளையும் எழுதிய ஒரு பலகையை நட்டுவைத்தல் நன்று. அப்பலகையே ஒரு சிறு அகராதியாகும்.

முடிவுரை

அன்று மாலை, கவிழ்தும்பைக் கட்டினை யாம் எறிந்துவிடவில்லை. அதனையும் தும்பையையும் அருகருகே வைத்து உலர்த்தி, ஒரே தாளில் ஒட்டினோம். தும்பையின் கீழ் அதன் அடையாளங்களை எழுதினோம்; கவிழ்தும்பையின் கீழ் எம் பிழையை எழுதினோம். ஆசிரியர் அத்தாளை நோக்கிச் சிறிதுநேரம் வாளாவிருந்து, பின்னர், "ஐந்து செடிகள் கேட்டேன், ஆறாவதே நீங்கள் கற்ற பாடம்" என்றார். அத்தாள் இப்பொழுது எம் வகுப்பின் பேழையில் உள்ளது.

இதனைப் படிக்கும் மாணவர்க்கு யாம் கூறுவது ஒன்றே. விடுமுறையில் ஊர்செல்லும்போது வரப்பில் பூத்துநிற்கும் தும்பையை ஒரு முறை கையிலெடுத்து உருட்டிப் பாருங்கள். உங்கள் அப்பத்தாவையோ அம்மாச்சியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் அறிந்ததை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கற்றதை அவருக்குச் சொல்லுங்கள். எது செடி, எவ்வளவு, எந்த மண் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே பச்சிலையை வாயிலிடுங்கள். விடை காணாதவிடத்து, அப்பூவினைத் தேனீக்கு விட்டு அப்பாற் செல்லுதலே அறிவுடைமையாகும்.